சுக்கிர ஹோரைக்கு வைத்த நட்டு

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா? கீழ வெச்சா உருளும். கனமா இருக்கேன்னு பாக்காதீங்க. உள்ள ரெண்டு தேங்கா, வெத்தலை பாக்கு, ஒரு ஸ்பானர். ஆமா, ஸ்பானர்தான். வளைகாப்புக்குப் போயிட்டு வர்றவன் பையில ஸ்பானர் எதுக்குன்னு கேளுங்க. கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்?

மாயவரம்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். கும்பகோணத்துல ஏறினதுலேர்ந்து பேச ஆள் இல்லாம வாய் காஞ்சு போச்சு.

அடடா. பாத்தீங்களா, எப்படித் தூக்கிப் போட்டான்! எல்லாரும் ரோட்டைத் திட்டுவாங்க. ரோட்டு மேல ஒரு குத்தமும் இல்லை தம்பி. இது ஷாக் அப்சார்பர் போன வண்டி. சக்கரம் பள்ளத்துல விழுந்தா அந்த அடி நம்ம முதுகுக்கு வராம நடுவுல நின்னு வாங்கிக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. வெளியில சுருள் ஸ்பிரிங், உள்ள எண்ணெய் அடைச்ச ஒரு குழாய். அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நிக்கற ஆம்பிளை மாதிரி. அது தேஞ்சு போச்சுன்னா குடும்பத்துக்கே இடுப்பு போயிடும். இதெல்லாம் இந்த பஸ்காரங்களுக்கு எங்க தெரியப் போவுது?

எனக்குத் தெரியும். பேரு குஞ்சிதபாதம். ரிட்டயர்டு வாத்தியார், இயற்பியல். ஸ்பிரிங்கைப் பத்தி மட்டும் எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கேன் தெரியுமா? நான் போர்டுல ஸ்பிரிங் வரைஞ்சா பையன்க கைதட்டுவாங்க. அதோட பஞ்சாங்கமும் பாப்பேன். சிரிக்காதீங்க. விஞ்ஞானம் ஒரு கண்ணு, பஞ்சாங்கம் ஒரு கண்ணு. ஒண்ணை மூடிக்கிட்டு நடந்தா தடுக்கி விழுவோம். இது நான் ஸ்டாஃப் ரூம்லயே சொல்லியிருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, அபயா. மாயவரத்து அம்மன் பேரு. கும்பகோணத்துல குடுத்திருக்கோம். சம்பந்தி வைத்திலிங்கம் பாத்திரக் கடை வெச்சிருக்காரு. மாப்பிள்ளை அருள்மொழி பேங்குல இருக்காரு, தங்கமான பையன். பொண்ணுக்கு இது ஒன்பதாம் மாசம். இன்னைக்குக் காலையில அவங்க வீட்டுல வளைகாப்பு. முடிஞ்சதும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும். உங்க வீட்டுலயும் அப்படித்தானே? எல்லா வீட்டுலயும் அப்படித்தான். இதுல என்ன தகராறு வரப் போவுதுங்கறீங்களா? வந்துதே.

போன ஐப்பசியில சம்பந்தியை நம்ம கார்ல கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பழைய வெள்ளைக் காருதான். ஆனா ராசியான வண்டி. குத்தாலம் தாண்டி ஒரு பள்ளம். வண்டி விழுந்து எழுந்துச்சு, அவ்வளவுதான். அவரு தலை மேல இடிச்சிடுச்சு. அவரு உயரம் அப்படி, அதுக்கு நான் என்ன பண்றது? கோயில் வாசல்ல எறங்கினவரு, எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றாரு: "சம்பந்தி, உங்க கார்ல வந்தா அங்கப்பிரதட்சணம் தனியாப் பண்ண வேண்டாம் போலிருக்கு. வழியிலயே முடிஞ்சுடுச்சு."

எல்லாரும் சிரிச்சாங்க. என் சம்சாரம் ஞானம் இருக்காளே, அவளும் சிரிச்சா. அதுதான் தம்பி தாங்கலை. மத்தவங்க சிரிக்கட்டும், கட்டினவ சிரிக்கலாமா? வீட்டுக்கு வந்து கேட்டேன். "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். பின்ன அழவா?"ங்கறா.

அதோட விட்டாரா? விடலையே. வளைகாப்பு பேச்சு எடுத்தப்ப போன்ல சொல்றாரு: "டாக்டரம்மா பிள்ளைத்தாச்சி குலுங்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க சம்பந்தி. ஒண்ணு, எங்க வண்டியில கொண்டாந்து விடறோம். இல்லைன்னா பிரசவத்தை இங்கயே வெச்சுக்குவோம். உங்க வண்டி மட்டும் வேண்டாம்." எப்படி இருக்கு? எம் பொண்ணு எங்க பெத்துக்கணும்னு எங்க வண்டி ஷாக் அப்சார்பர் முடிவு பண்ணுது.

சம்பந்தி வண்டியிலயே வந்துட்டுப் போகட்டுமேன்னு நீங்களும் நினைக்கறீங்க. முகத்துல தெரியுது. ஞானமும் அதைத்தான் சொன்னா. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேன். அபயா பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து அவளை எதுல கூட்டிக்கிட்டு வந்தேன் தெரியுமா? டவுன் பஸ்ல. ஒரு ஆட்டோ பிடிக்க எனக்கு சாமர்த்தியம் இல்லை. ஞானம் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு என்ஜின் பக்கத்துல உக்காந்திருந்தா, நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ பல்லைக் கடிச்சா. பிள்ளை வீல் வீல்னு கத்துச்சு. அன்னைக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன். எம் பொண்ணு பிள்ளைத்தாச்சியா நம்ம வீட்டுக்கு வர்றப்ப எங்க கார்லதான் வரணும். பஸ்ல வரக் கூடாது, அடுத்தவன் வண்டியிலயும் வரக் கூடாது. இது ஆசை தம்பி. வறட்டுப் பிடிவாதம்னு ஞானம் சொல்லுவா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாது.

மெக்கானிக்கிட்ட காட்டினேன். வண்டியோட மூலையை ரெண்டு கையால ஒரு அமுக்கு அமுக்கிட்டு விட்டான். அது பாட்டுக்கு ஊஞ்சலாடுது. "ரெண்டு பக்கமும் செத்துடுச்சு சார். பேசாம வித்துட்டு வேற பாருங்க"ன்னான். பேச்சா தம்பி இது? ராசியான வண்டின்னு சொன்னேனா இல்லையா? அப்பத்தான் முடிவு பண்ணினேன், நானே மாத்தறதுன்னு. போன்ல வீடியோ பாத்தேன். ஒரு வெள்ளைக்காரன், கையில ஒரு அழுக்கு இல்லாம, பாட்டுப் போட்டுக்கிட்டு மாத்தறான். ஸ்பிரிங்குக்கு உண்டான ஹூக் விதியைப் பத்தி அவன் வாயே திறக்கலை. அது தெரியாதவனே மாத்தறான்னா, தெரிஞ்ச நான் மாத்த முடியாதா?

சாமான் வாங்கறதுக்குள்ள நல்ல நாள் வந்துடுச்சு. சாமான் வரலை, நாள் வந்துடுச்சு. என்ன பண்றது? நம்மகிட்டதான் வழி இருக்கே. ஊருக்குப் போறப்ப நேரம் சரியில்லைன்னா, நல்ல நேரத்துல பையை மட்டும் பக்கத்து வீட்டுல கொண்டு போயி வெச்சிடுவோம்ல? கெளம்பின கணக்கு. அதே மாதிரி நல்ல நேரத்துல போயி, கிழக்கே பாத்து நின்னு, சக்கரத்து நட்டு ஒண்ணை லேசாத் தளர்த்திட்டு வந்துட்டேன். ஆரம்பிச்ச கணக்கு. அப்புறம் ஞானம் அதே வண்டியை எடுத்துக்கிட்டு மார்க்கெட் போயிட்டு வந்திருக்கா. ஏதோ ஆடற மாதிரி இருந்துச்சுன்னா. அவளுக்கு எப்பவும் அப்படித்தான், ஒண்ணு ஆடும், ஒண்ணு தட்டும். காது ரொம்பக் கூர்மை. தேவையில்லாத கூர்மை.

சாமான் வந்தது. வேலையை ஆரம்பிச்சேன். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். தூக்கினா மட்டும் போதாது தம்பி, ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழ கையை விடக் கூடாது. கெட்டியா ஒண்ணை முட்டுக் குடுக்கணும். வீட்டுல இருக்கறதுலயே கெட்டியான சாமான் எதுன்னு பாத்தேன். கொல்லையில அம்மி கெடந்துச்சு. இப்ப யாரு அரைக்கறா? எடுத்து வண்டிக்கு அடியில வெச்சேன். ஞானம் வந்து பாத்தா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னா.

"கல்யாணத்துல இந்த அம்மி மேலதான் என் காலைத் தூக்கி வெச்சீங்க. இன்னைக்குக் காரோட காலைத் தூக்கி வெச்சிருக்கீங்க. பாசம் இடம் மாறிடுச்சு, நல்லா இருங்க."

நான் ஸ்பானரை எடுத்தேன்.

இடது பக்கம் முதல்ல. கழட்டறது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. மேல மூணு நட்டு, கீழ சக்கரத்தைப் பிடிச்சிருக்கற இடத்துல ரெண்டு நட்டு. வேலை எங்க இருக்குன்னா, ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டறதுல. அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு. வாடகைக்குக் கேட்டா நாளைக்குத்தான்னுட்டான். நாளைக்கு மரணயோகம். அதனால கெணத்துக் கயிறை நல்லா முறுக்கிக் கட்டினேன். விசை எவ்வளவு, கயிறு எவ்வளவு தாங்கும்னு சுவத்துல கரித்துண்டால கணக்குப் போட்டேன். கணக்கு சரி. இப்பவும் சுவத்துல இருக்கு, வந்து பாருங்க, ஒரு புள்ளி தப்பு இருக்காது. கயிறுதான் பழசு.

டங்குன்னு ஒரு சத்தம். ஸ்பிரிங்கைக் காணோம். மாடியில தண்ணித் தொட்டி மூடியை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்துல போயி உக்காந்திருக்கு. எனக்கு ஒரு கீறல் இல்லை. அதான் சொல்றேன், நேரம் பாத்து ஆரம்பிச்ச வேலை. ராகு காலத்துல ஆரம்பிச்சிருந்தா அது எங்க போயி உக்காந்திருக்கும்? ஞானம் வெளியில ஓடி வந்து என்னை மேலயும் கீழயும் பாத்தா. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. முழுசா இருக்கேன்னு தெரிஞ்சதும், "அடுத்தது எது பறக்கும்னு சொல்லிடுங்க, கொடியில துணி காயுது"ன்னுட்டு உள்ள போயிட்டா. ஆனா அன்னைக்குச் சாப்பாடு போடறப்ப ரசத்தை ரெண்டு தடவை ஊத்தினா. நான் பாத்தேன். பாக்காத மாதிரி சாப்பிட்டேன்.

மறுநாள் ஸ்பிரிங்கை மரத்துலேர்ந்து எறக்கினேன், கருவியும் வந்துது. மரணயோகம் முடியற வரைக்கும் திண்டாடிக்கிட்டு உக்காந்திருந்துட்டு, அப்புறம் இடது பக்கம் முடிச்சேன். அடுத்த நாள் வலது பக்கம். அது நேத்து, வியாழக்கிழமை. எல்லாம் மாட்டியாச்சு. கீழ ரெண்டு நட்டுல ஒண்ணை இறுக முறுக்கியாச்சு. இன்னொண்ணு பாக்கி. மணியைப் பாத்தேன். ராகு காலம் பொறக்குது.

இங்கதான் தம்பி அறிவு வேணும். ஒரு காரியத்தை நல்ல நேரத்துல ஆரம்பிச்சா மட்டும் போதுமா? முடிக்கறதும் நல்ல நேரத்துல முடியணும்ல? பாதிப் பேரு கோட்டை விடறது இதுலதான். மறுநாள் வெள்ளிக்கிழமை, சூரிய உதயத்துலேர்ந்து ஒரு மணி நேரம் சுக்கிர ஹோரை. வாகனத்துக்கு அதிபதி யாரு? சுக்கிரன். சுகமான பிரயாணத்துக்கும் அவருதான். அதனால அந்தக் கடைசி நட்டை மட்டும் விரலால ஒரு சுத்து சுத்தி நிறுத்தி வெச்சேன். அதை சுக்கிர ஹோரையில முறுக்கினா, மொத்த வேலையும் சுக்கிர ஹோரையில முடிஞ்ச கணக்கு. இந்த யோசனை அந்த வெள்ளைக்காரனுக்கு வருமா? ஜென்மத்துக்கும் வராது.

இன்னைக்குக் காலையில எழுந்து குளிச்சேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சேன். புது ஷாக் அப்சார்பருக்கு சந்தனம். அந்த நட்டுக்கு ஒரு பொட்டு குங்குமம். ஸ்பானருக்கு மஞ்சக் கயிறு கட்டி, அதோட வாயிலயும் ஒரு பொட்டு. சூடம் காட்டினேன். ஹோரை பொறந்தது, ஸ்பானரைக் கையில எடுத்தேன். போன் அடிக்குது. யாரு? சம்பந்தி.

"சம்பந்தி, எந்த வண்டியில வர்றீங்க?"

நம்ம வண்டியிலதான்னேன். "எங்க வண்டியை அனுப்பட்டுமா?"ங்கறாரு. எதுக்குன்னேன். "இல்லை, பொண்ணு வயித்துல இருக்கறது எங்க பேரப்புள்ளை"ங்கறாரு. கேட்டீங்களா? எங்க பேரப்புள்ளை! பின்ன எனக்கு என்ன வேணும், பக்கத்து வீட்டுக்காரனா நான்? விடலை தம்பி. வாசல்ல நின்னுக்கிட்டு நல்லாக் கேட்டேன். அங்கப்பிரதட்சணம் சொன்னதைக் கேட்டேன். கல்யாணத்துல எங்க பக்கத்து ஆளுங்களுக்குப் பந்தியில பாயசம் வராததைக் கேட்டேன். புது ஷாக் அப்சார்பர் போட்டிருக்கேன், நானே போட்டிருக்கேன், என் கையால போட்டிருக்கேன்னு மூணு தடவை சொன்னேன். அவரு கடைசியில, "சரி சம்பந்தி, உங்க பிரியம்"னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. ஜெயிச்சாச்சு! ஞானம் உள்ளேர்ந்து நேரமாவுதுங்கறா. ஸ்பானரைப் பையில போட்டேன், சீர்த் தட்டையெல்லாம் டிக்கியில ஏத்தினேன், எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை எடுத்தேன்.

வண்டின்னா வண்டி தம்பி! பள்ளம் வர்றதும் தெரியலை, போறதும் தெரியலை. வலது பக்கம் மட்டும் லேசா டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். ஞானம், "என்னமோ தட்டுதுங்க"ன்னா. வந்துட்டா காதைத் தூக்கிக்கிட்டு. டிக்கியில பித்தளைத் தாம்பாளம் தட்டுதுன்னேன். தாம்பாளம் பின்னாடி இருக்கு, சத்தம் முன்னாடி வருதேங்கறா. ஒலி எப்படிப் பரவுதுன்னு அவளுக்குப் பாடம் நடத்தினேன். கும்பகோணம் வரைக்கும் நடத்தினேன்.

வளைகாப்பு அமர்க்களம். ராகு காலத்துக்கு முன்னாடி வளையல் போட்டாச்சு. எம் பொண்ணு ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. முகத்துல அப்படி ஒரு களை. நான் தூண் ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணு கலங்கிடுச்சு, அதை ஏன் மறைக்கணும்?

ராகு காலம் முடிஞ்சு, பன்னண்டு மணிக்கு மேல நான்தான் நேரம் பாத்து அவங்களைக் கெளப்பி விட்டேன். மாப்பிள்ளை, "நான் ஓட்டறேன் மாமா, நீங்க காலையிலேர்ந்து களைச்சுப் போயிருக்கீங்க"ன்னாரு. சம்பந்தியம்மா கூட வந்து விட்டுட்டு வர்றேன்னாங்க. ஞானம் ஒருத்தி. பொண்ணு காலை நீட்டிக்கிட்டு உக்காரணும்ல? அஞ்சாவதா நானும் ஏறி நெருக்கணுமா? நான் பஸ்ல வர்றேன், நீங்க கெளம்புங்கன்னுட்டேன். சம்பந்தி வாசல்ல நின்னு வண்டியையே பாத்தாரு. வண்டி அலுங்காமக் கெளம்புச்சு. "பரவாயில்லையே சம்பந்தி"ன்னாரு. அவரு வாயால! அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதுக்கப்புறம் இந்த பஸ் எவ்வளவு தூக்கிப் போட்டாலும் வலிக்கலை.

ஆடுதுறை வந்துடுச்சா? அவங்க இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பாங்க. இல்லையில்லை, மாப்பிள்ளை மெதுவாத்தான் ஓட்டுவாரு. எளநீ வாங்கிக் குடுக்க நிறுத்துவேன்னாரு. இங்கதான் எங்கயாவது முன்னாடி போய்க்கிட்டு இருப்பாங்க.

அந்தப் பையைக் குடுங்க. ஸ்பானரைக் காட்டறேன். இதுதான். இந்த ஒரு ஸ்பானர்தான் எல்லா வேலையையும் பண்ணுச்சு. மஞ்சக் கயிறு கட்டினது பாருங்க. வாயில குங்குமப் பொட்டு எப்படி அழகா...

என்ன தம்பி?

முறுக்கினதுக்கு அப்புறம் குங்குமம் எப்படி அழியாம இருக்கும்னு கேக்கறீங்க.

நல்ல கேள்விதான். வகுப்புல கேட்டிருந்தா பாராட்டியிருப்பேன். அது வந்து... முறுக்கியிருப்பேன். கையில எடுத்தேன்ல? சூடம் காட்டினேன், எடுத்தேன், போன் அடிச்சுது, பேசினேன், வெச்சேன், பையில... இருங்க. ஸ்பானரை எடுத்தேன். போன் அடிச்சுது.

தம்பி, நான் முறுக்கலை.

இல்லை, ஒண்ணும் ஆகாது. இன்னொரு நட்டு இறுக்கமாத்தான் இருக்கு. காலையிலயே அதோடதானே இவ்வளவு தூரம் வந்தேன். டொக்கு டொக்குன்னு சத்தம் மட்டும்தான்... ஐயோ, அந்தச் சத்தம். தாம்பாளம் இல்லை தம்பி அது. தாம்பாளமே இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டுக்கிட்டு வந்திருக்கு. இந்தப் பள்ளத்துலயெல்லாம் அவங்க விழுந்து எழுந்துதானே போயிருப்பாங்க? எம் பொண்ணு உள்ள உக்காந்திருக்கா. ஒன்பதாம் மாசம் தம்பி. எம் பொண்ணு.

போன் எங்க? சட்டைப் பையிலதான் இருக்கு. மாப்பிள்ளை நம்பரைப் போட்டாச்சு. ம், அடிக்குது. என்னன்னு சொல்றது? நட்டை முறுக்கலைன்னா? மாப்பிள்ளைகிட்டயா? பக்கத்துல சம்பந்தியம்மா இருக்காங்க. ராத்திரிக்குள்ள பாத்திரக் கடை முழுக்கத் தெரிஞ்சுடும். எடு எடு எடு... ஹலோ! மாப்பிள்ளை! நான்தான், மாமா. எங்க இருக்கீங்க? நரசிங்கம்பேட்டையா? வண்டியை ஓரங்கட்டுங்க. உடனே நிறுத்துங்க. எதுக்கா? இது... இது ராகு காலம் மாப்பிள்ளை. ஆமா. இப்பத்தான் பாத்தேன். பிள்ளைத்தாச்சியை வெச்சுக்கிட்டு ராகு காலத்துல ஓடக் கூடாது. நீங்க இதெல்லாம் பாக்க மாட்டீங்க, தெரியும், ஆனாலும் நிறுத்துங்க. சம்பந்தியம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா! ஆங். நிறுத்தியாச்சா? நின்னுடுச்சா? முழுசா நின்னுடுச்சா?

அப்பாடா. நின்னுடுச்சு தம்பி.

ம்? யாரு, அபயாவா? குடுங்க. சொல்லும்மா. ஆமாம்மா. ம். ம். இல்லைம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்லை... ம்.

வலது பக்கம்மா. கீழ. பொட்டு வெச்ச நட்டு.

சரிம்மா. வர்றேன். எல்லாரும் கீழ எறங்கி நிழல்ல நில்லுங்க.

என்ன கேட்டா தெரியுமா தம்பி? "அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் பன்னண்டு மணிக்கே முடிஞ்சுது. நீங்கதான் பாத்து எங்களைக் கெளப்பி விட்டீங்க. ராகு காலத்துல நீங்க தப்பே பண்ண மாட்டீங்க. அப்ப வேற எதுல பண்ணியிருக்கீங்க? எந்தப் பக்கம்ப்பா?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. பக்கத்துல மாமியா காதுல விழாத மாதிரி. அதைவிட அவ என்னைத் திட்டியிருக்கலாம்.

ராகு காலம் பாக்க அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஸ்கூலுக்குப் போறப்பயே மனப்பாடமா ஒப்பிப்பா. அது இப்படி வந்து உதவும்னு நினைக்கலை.

இப்ப நல்ல நேரமான்னா கேக்கறீங்க? தெரியலை தம்பி. என்ன ஹோரை ஓடுதுன்னே தெரியலை. இப்படி ஒரு நாளும் எனக்குத் தெரியாமப் போனதில்லை.

அதோ! அந்த மதகுகிட்ட, வெள்ளைக் காரு. சக்கரம் பாருங்க, கொஞ்சம் உள்ள சாஞ்சுதான் நிக்குது. பொண்ணு நிக்கறா. நல்லா நிக்கறா. வளையல் கையை ஆட்டறா பாருங்க, நம்ம பஸ்ஸைப் பாத்துத்தான் ஆட்டறா. கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, இங்க கொஞ்சம் நிறுத்துங்க. ஸ்டாப் இல்லைன்னு தெரியும். பிள்ளைத்தாச்சி ஏறணும். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க எந்திரிச்சு அந்த இடத்தை எம் பொண்ணுக்குக் குடுத்துடுங்க. பக்கத்துல அவ அம்மா உக்காரட்டும். பையில தேங்காய் இருக்கட்டும், அவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும். ஸ்பானர் மட்டும் என் கையில இருக்கட்டும். நான் எறங்கிக்கறேன். மாப்பிள்ளையும் நானும் பாத்துக்கறோம்.

டிரைவர் தம்பி, ஒரு நிமிஷம். பள்ளம் வந்தா மெதுவா எறக்குங்க. இவ்வளவு நேரம் உங்க வண்டியைத் திட்டிக்கிட்டே வந்தேன், மனசுல வெச்சுக்காதீங்க. எம் பொண்ணு ஏறியிருக்கா. மெதுவாப் போங்க.

வாம்மா. பாத்து. படியில கையைப் பிடிச்சுக்க. சம்பந்தியம்மா, நீங்களும் ஏறிக்கங்க. ஞானம், அவளை ஜன்னல் ஓரமா விடு. நீ என்னைப் பாக்காத, அப்புறம் வீட்டுல வந்து பாரு. அபயா, சாஞ்சு உக்காரும்மா. காலை நீட்டிக்க. நல்ல வண்டிம்மா இது. குலுங்கவே குலுங்காது.